அப்டேட் ஆன மறுநாள் ஃபோல்டர் திறக்கவில்லை: ஒரு டிடிபி கடைக் கணினியின் பழுதுப் பதிவு

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் ஜெராக்ஸ், டிடிபி கடையின் முன்மேசைக் கணினி இது. எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். எஸ்எஸ்டி கிடையாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் விண்டோஸ் 11 ப்ரோவுக்கு மாற்றிய மெஷின். கடைக்காரர் சொன்ன புகார் ஒரே மூச்சில்: "அப்டேட் ஆச்சுண்ணே, அதுலேர்ந்து ஃபோல்டரைத் தொட்டாலே வெள்ளையா நிக்குது. ரைட் கிளிக் பண்ணா சுத்திக்கினே இருக்கு. பிடிஎஃப் பிரிவியூவும் வரல. ஃபார்மட் போட்டுடலாமா?"

ஃபார்மட் தேவைப்படவில்லை. மேலே சொன்ன மூன்றில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள், மூன்றாவது கோளாறே இல்லை. மூன்றும் ஒரே வாரத்தில் தெரிந்ததால் ஒரே நோய் மாதிரி தோன்றின. அப்டேட்டுக்குப் பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரர் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று நிற்கிற மெஷின்களில் பெரும்பாலானவை இப்படித்தான். எக்ஸ்ப்ளோரர் கெட்டுப்போயிருக்காது, எதற்கோ காத்துக்கொண்டிருக்கும். இல்லாத நெட்வொர்க் டிரைவின் பதிலுக்கோ, ரைட் கிளிக் மெனுவில் ஒட்டிக்கொண்ட பழைய மென்பொருளுக்கோ, படிக்கத் திணறும் டிஸ்க்குக்கோ. எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஃபார்மட் போட்டால், அதே நெட்வொர்க் டிரைவையும் அதே பழைய மென்பொருளையும் திரும்ப ஏற்றிய அன்றே கோளாறும் திரும்பி வரும்.

முதலில் கவுண்டரை ஓட்டுவது

கடையில் ஹால் டிக்கெட்டுக்கு ஆட்கள் நிற்கும்போது சாவகாசமாகப் பழுது பார்க்க முடியாது. விண்டோஸில் டாஸ்க்பார், டெஸ்க்டாப், ஃபோல்டர் ஜன்னல் எல்லாமே எக்ஸ்ப்ளோரர் என்ற ஒரே புரோகிராம். அதனால் ஒரு ஃபோல்டர் மாட்டினால் டாஸ்க்பாரும் சேர்ந்து மாட்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எக்ஸ்ப்ளோரர் செத்துக் கிடந்தாலும் இது வரும். அதில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' வரியைத் தேர்ந்தெடுத்து 'ரீஸ்டார்ட் டாஸ்க்' கொடுங்கள். திரை ஒரு நொடி காலியாகி, டாஸ்க்பார் திரும்ப வரும். திறந்திருக்கும் வேர்டு ஃபைலோ பிரிண்ட் வேலையோ இதனால் போகாது. ஃபோல்டரில் காப்பி ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் அது அறுந்துவிடும்.

அதுவும் நிலைக்கவில்லை என்றால் எக்ஸ்ப்ளோரரை நம்பாத வேறொரு ஃபைல் மேனேஜர் வேண்டும். 7-ஜிப்போடு வரும் ஃபைல் மேனேஜர் போதும். ரைட் கிளிக் நீட்டிப்பு (வேறு மென்பொருள்கள் ரைட் கிளிக் மெனுவில் ஒட்டவைக்கும் துணைநிரல்), தம்ப்நெயில் எதையும் அது ஏற்றிக்கொள்வதில்லை. டாஸ்க் மேனேஜரில் 'ரன் நியூ டாஸ்க்' வழியாகத் திறந்து, வாடிக்கையாளரின் பென் டிரைவில் இருக்கும் பிடிஎஃப்பை டபுள் கிளிக் செய்தால் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடலாம். கடைக் கணினி எதிலும் இதை முன்கூட்டியே போட்டு வைப்பது நல்லது. மாட்டிக்கொண்ட பிறகு டவுன்லோட் செய்வது பெரும்பாடு.

இன்னொரு முன்னேற்பாடு. ரன் பெட்டியில் 'கண்ட்ரோல் ஃபோல்டர்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினால், ஃபோல்டர் ஜன்னலைத் திறக்காமலே ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் வரும். 'வியூ' தாவலில் 'லான்ச் ஃபோல்டர் விண்டோஸ் இன் எ செபரேட் பிராசஸ்' என்பதை டிக் செய்யுங்கள். இனி ஒரு ஃபோல்டர் மாட்டினாலும் டாஸ்க்பார் தப்பும். நினைவகம் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும்; 8 ஜிபி மெஷினில் பொருட்படுத்த வேண்டியதில்லை.

புதன் ராத்திரி மெயின் சுவிட்ச்

மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட், மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று அமெரிக்கப் பசிபிக் நேரம் காலை 10 மணிக்கு வெளியாகும். நமக்கு அது செவ்வாய் இரவு 10:30. அவர்களுடைய குளிர்கால நேரத்தில் 11:30. புதன் முழுக்கப் பின்னணியில் இறங்கும். புதன் ராத்திரி கடை மூடும்போது 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' கொடுத்துவிட்டு, திரை அணைவதற்குள் மெயின் சுவிட்சை இறக்கி ஷட்டரைப் போட்டால், வியாழன் காலை அரைகுறை அப்டேட்டோடுதான் மெஷின் எழும். இந்த மெஷினில் அப்படி நடக்கவில்லை, அப்டேட் ஹிஸ்டரியில் எல்லாம் முழுமையாக ஏறியிருந்தது. ஆனால் விசாரிக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

இரண்டாவது கேள்வி: ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா? ஷட் டவுன் செய்து மறுபடி போட்டதாகச் சொல்வார்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் மெஷினில் அது முழுத் தொடக்கம் ஆகாது. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, காலையில் அதையே எடுத்து ஓட்டும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு தேடல் அட்டவணையைத் திரும்பக் கட்டுவது, டிஃபெண்டரின் சோதனை என்று டிஸ்க்கைப் பிடித்து ஆட்டும் வேலைகளும் சில மணி நேரம் ஓடும். ஹார்டு டிஸ்க் மெஷினில் அந்த நேரம் எல்லாமே ஸ்லோதான். ஒரு ரீஸ்டார்ட், பிறகு அரைநாள் ஓடவிடுவது. அதற்கு மேலும் நின்றால் தோண்டலாம்.

கேபிளை உருவிப் பார்

கட்டளை எதுவும் தட்டும் முன் லேன் கேபிளை உருவி, வைஃபை இருந்தால் அணைத்து, எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்து 'திஸ் பிசி'யைத் திறந்து பாருங்கள். சட்டென்று திறந்தால் கோளாறு நெட்வொர்க் பக்கம். கேபிள் செருகியிருக்கும்போது, இல்லாத முகவரிக்கு விண்டோஸ் திரும்பத் திரும்ப அழைப்பு அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும். ஒரு முகவரிக்கு ஏறக்குறைய 21 விநாடி போகும். கேபிளே இல்லையென்றால் உடனே கைவிட்டுவிடும். ஆகவே 'இருபது முப்பது விநாடி வெள்ளையாக நின்று, பிறகு ஒன்றும் நடக்காதது போலத் திறக்கிறது' என்பது நெட்வொர்க் கோளாறின் கையெழுத்து. கடைசிவரை திறக்காமலே இருப்பதும், திறந்து உடனே மூடிக்கொள்வதும் வேறு ரகம்.

பிறகு பென் டிரைவ், கார்டு ரீடர், யூஎஸ்பியில் செருகிய போன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். ஃபைல் சிஸ்டம் கெட்ட பென் டிரைவ் ஒன்று செருகியிருந்தாலே 'திஸ் பிசி' முழுவதும் நிற்கும். ஜெராக்ஸ் கடையில் இது தினசரி விஷயம். அப்டேட்டின் மேல் பழி போடும் முன் கவுண்டரில் மறந்து விட்டுப்போன பென் டிரைவைப் பாருங்கள்.

இந்தக் கடையில் கேபிளை உருவியதுமே 'திஸ் பிசி' மின்னலாகத் திறந்தது.

கடையின் பின்பக்கம் விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினி ஒன்று. வேலைகளெல்லாம் அதிலுள்ள ஒரு பொது ஃபோல்டரில் கிடக்கும். முன்மேசைக் கணினியில் அது இசட் டிரைவாக மாட்டப்பட்டிருந்தது. பாஸ்வேர்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் 'கெஸ்ட்'டாக நுழையலாம். வட சென்னையில் பாதிக் கடைகளில் ஏற்பாடு இதுதான். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து இது செல்லாது. ப்ரோ பதிப்பில், ஃபைல் பகிர்வுக்கான எஸ்எம்பி இணைப்பு ஒவ்வொன்றும் கையொப்பமிடப்பட வேண்டும் என்பது இயல்நிலை அமைப்பாகிவிட்டது. பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவும் அடைக்கப்பட்டுவிட்டது. கையொப்பச் சாவி பாஸ்வேர்டிலிருந்து பிறப்பது; கெஸ்ட்டாக நுழைந்தால் சாவி ஏது? ஆக, அப்டேட் எதையும் உடைக்கவில்லை. திறந்து கிடந்த கதவைப் பூட்டியது. இசட் டிரைவ் மட்டும் அது தெரியாமல் ஒவ்வொரு முறையும் போய்த் தட்டிக்கொண்டிருந்தது.

போதாக்குறைக்கு, இணையச் சேவைக்காரர் புது ரூட்டர் வைத்துவிட்டுப் போனதில் பின்கணினியின் ஐபி முகவரியும் மாறியிருந்தது. இசட் டிரைவ் பழைய முகவரியில் மாட்டப்பட்டது. அந்த முகவரியில் இப்போது ஆளே இல்லை. 21 விநாடிக் காத்திருப்பு வந்தது அங்கிருந்துதான்.

சரிசெய்த வரிசை இது. முன்கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'நெட் யூஸ்' என்று தட்டினால், மாட்டிய டிரைவ்களும் அவற்றின் நிலையும் வரிசையாக வரும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காதீர்கள், அட்மின் ஜன்னலில் சாதாரணப் பயனர் மாட்டிய டிரைவ்கள் தெரியாது, பட்டியல் காலி என்று ஏமாந்துவிடுவீர்கள். இசட் எழுத்துக்கு நேரே 'அன்அவைலபிள்' என்று இருந்தது. 'நெட் யூஸ் இசட்: /டெலிட்' கொடுத்து நீக்கியாயிற்று.

பின்கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கு, கட்டாயம் பாஸ்வேர்டோடு. வெற்றுப் பாஸ்வேர்டு கணக்கை நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் அனுமதிக்காது. பொது ஃபோல்டரின் பிராப்பர்டீஸில் 'ஷேரிங்', 'செக்யூரிட்டி' ஆகிய இரண்டு தாவல்களிலும் அந்தப் பயனருக்கு எழுதும் உரிமை கொடுக்க வேண்டும். ஒன்றில் கொடுத்து மற்றதை விட்டால் ஃபோல்டர் திறக்கும், ஆனால் சேவ் ஆகாது. எந்நேரமும் இங்கேதான் கோட்டை விடுவார்கள். விண்டோஸ் 7-க்கு எஸ்எம்பி 2.1 தெரியும், கையொப்பமும் இடும். எனவே அதைத் தூக்கிப்போட வேண்டிய அவசியம் இந்தக் காரணத்துக்காக இல்லை. பின்னால் இருப்பது எக்ஸ்பி என்றால் கதை வேறு. அதற்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். ஃபைல்களை வெளியே எடுத்துவிட்டு ஓய்வு கொடுங்கள்.

முன்கணினியில் கண்ட்ரோல் பேனலின் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியலில் பின்கணினியின் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு மூன்றையும் சேர்த்தோம். பிறகு இசட் டிரைவை ஐபி முகவரியால் அல்லாமல் கணினியின் பெயரால் மாட்டினோம். ரூட்டரில் பின்கணினிக்கு நிலையான முகவரி ஒதுக்கினோம். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு நெட்வொர்க் 'பப்ளிக்' ஆகியிருந்தால் ஃபயர்வால் பகிர்வை அடைத்துவிடும். செட்டிங்ஸில் ஈத்தர்நெட் பக்கத்தில் 'பிரைவேட்' என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கெஸ்ட் நுழைவைத் திரும்பத் திறந்துவிடும் பாலிசி மாற்றம் ஒன்று உண்டு, இரண்டு நிமிட வேலை. பரிந்துரைக்க மாட்டோம். வருகிற போகிற பென் டிரைவெல்லாம் செருகும் மெஷின், பாஸ்வேர்டு இல்லாத பொது ஃபோல்டர்: ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் பின்கணினியில் ஒரு ஃபைலும் மிஞ்சாது.

டிரைவை நீக்கிய பிறகும் நிற்கிறதா? பழைய முகவரி வேறு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். டெஸ்க்டாப் ஷார்ட்கட்கள், குயிக் ஆக்சஸில் பின் செய்த ஃபோல்டர், சமீபத்திய ஃபைல்களின் பட்டியல் எல்லாம் அந்த முகவரியைத் தனித்தனியே வைத்திருக்கும். எக்ஸ்ப்ளோரர் திறந்ததும் வருகிற 'ஹோம்' பக்கம் அவை அத்தனையையும் விசாரிக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸின் 'ஜெனரல்' தாவலில் 'ஹோம்' என்பதை 'திஸ் பிசி' என்று மாற்றி, கீழே பிரைவசி பகுதியில் 'கிளியர்' அழுத்துங்கள். டெஸ்க்டாப்பில் செத்த ஷார்ட்கட்களைக் கையால் நீக்குங்கள். பின் செய்த ஃபோல்டர்கள் 'கிளியர்' அழுத்தினாலும் போகாது. ஒவ்வொன்றாக 'அன்பின்' செய்ய வேண்டும்.

ரைட் கிளிக் சுழல்வது

'திஸ் பிசி' சரியானது. ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தால் இன்னும் சுழன்றது. இது வேறு கோளாறு.

விண்டோஸ் 11-இல் இரண்டு ரைட் கிளிக் மெனு உண்டு. முதலில் வருவது புதிய சின்ன மெனு. 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்தினால், அல்லது ஷிஃப்டோடு எஃப்10 தட்டினால், பழைய நீள மெனு வரும். பழைய மென்பொருள்களின் நீட்டிப்புகள் இரண்டாவதில்தான் ஏறும். சின்ன மெனு உடனே வந்து நீள மெனு மட்டும் மாட்டினால், குற்றவாளி பழைய நீட்டிப்பு என்று முக்கால்வாசி முடிவு செய்துவிடலாம். இங்கே அப்படித்தான். வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்தபோது நீள மெனுவும் உடனே வந்தது. ஃபைலின் மேல் மட்டும் மாட்டியது.

சாட்சி தேட இரண்டு இடம். ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தேடினால் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி வரும். எந்த நாள் எது விழுந்தது என்று சிவப்புப் பெருக்கல் குறியோடு நாள்வாரியாகக் காட்டும். அப்டேட் ஏறிய நாளும் எக்ஸ்ப்ளோரர் விழத் தொடங்கிய நாளும் ஒன்றுதானா என்பதை அங்கேயே ஒப்பிட்டுவிடலாம். இரண்டாவது, ஈவென்ட் வியூவர். விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் பகுதியில் ஈவென்ட் எண் 1000 என்றால் புரோகிராம் விழுந்தது, 1002 என்றால் மாட்டி நின்றது. 1000-ஐத் திறந்து 'ஃபால்ட்டிங் மாட்யூல்' வரியைப் படியுங்கள். அங்கே ஒரு வெளி மென்பொருளின் டிஎல்எல் (துணைநிரல் ஃபைல்) பெயர் இருந்தால் கேஸ் முடிந்தது. 'என்டிடிஎல்எல்' அல்லது 'கெர்னல்பேஸ்' என்று இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. விண்டோஸில் எது விழுந்தாலும் கடைசியில் அவற்றின் பெயர் வரும். அதைப் பார்த்துவிட்டு 'விண்டோஸே போச்சு' என்று முடிவு கட்டாதீர்கள்.

இந்த மெஷினில் 1002 மட்டுமே இருந்தது, டிஎல்எல் பெயர் இல்லை. எனவே நீட்டிப்புகளைப் பட்டியலிட்டு முடக்க உதவும் கருவி, நிர்சாஃப்டின் ஷெல்எக்ஸ்வியூ. இலவசம், இன்ஸ்டால் தேவையில்லை. 64 பிட் பதிப்பை எடுங்கள். 64 பிட் எக்ஸ்ப்ளோரர் 64 பிட் நீட்டிப்புகளை மட்டுமே ஏற்றும். ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்டின் சொந்த நீட்டிப்புகளை மறைத்தால், நூற்றுக்கணக்கில் இருந்த பட்டியல் சுருங்கிவிடும். 'டைப்' வரிசையில் 'காண்டெக்ஸ்ட் மெனு' என்று இருப்பவைதான் இப்போதைக்கு வேண்டும். பாதியைத் தேர்ந்தெடுத்து எஃப்7 தட்டி முடக்குங்கள். எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்து ரைட் கிளிக். சரியானால் குற்றவாளி அந்தப் பாதியில். இல்லையென்றால் மற்றப் பாதியில். எஃப்8 தட்டினால் திரும்ப இயங்கும். 16 நீட்டிப்பு இருந்தாலும் நாலே சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக முடக்கிவிட்டு 'சரியாகிடுச்சு' என்று எழுந்து வந்தால், மறுநாள் ரைட் கிளிக்கில் ஜிப் வரவில்லை, ஆன்ட்டிவைரஸ் ஸ்கேன் வரவில்லை என்று போன் வரும்.

மாட்டியது ஒரு பழைய பிடிஎஃப் மாற்றி மென்பொருளின் நீட்டிப்பு. அந்த மென்பொருளையே யாரும் தொடுவதில்லை. எப்போதோ ட்ரையலாக ஏற்றியது. கண்ட்ரோல் பேனலில் அன்இன்ஸ்டால் செய்தோம். தேவைப்படும் மென்பொருளாக இருந்தால் முதலில் அதன் புதிய பதிப்பை ஏற்றிப் பாருங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் நீட்டிப்பை மட்டும் முடக்கி வையுங்கள். மென்பொருள் வழக்கம்போல ஓடும்.

டிடிபி கடைகளுக்கு மட்டும் ஒரு கூடுதல் குறிப்பு. ஃபோல்டர் சரியாகத் திறக்கிறது, ஆனால் பேஜ்மேக்கரில் 'ஓப்பன்' கொடுத்தால் மாட்டுகிறது என்றால், அது 32 பிட் புரோகிராம். அதன் ஓப்பன் ஜன்னல் 32 பிட் நீட்டிப்புகளை ஏற்றுகிறது. 64 பிட் பட்டியலில் தேடினால் கிடைக்காது. 32 பிட் நீட்டிப்புகளைத் தனியே திறந்து அதே பாதிப்பாதி முறையைச் செய்யுங்கள்.

இவ்வளவுக்கும் பிடிபடாவிட்டால், மாட்டி நிற்கும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரின் 'டீட்டெயில்ஸ்' பக்கத்தில் எக்ஸ்ப்ளோரர் மேல் ரைட் கிளிக் செய்து 'அனலைஸ் வெயிட் செயின்' பாருங்கள். வேறொரு புரோகிராமுக்காகக் காத்திருந்தால் அதன் பெயர் அங்கே தெரியும். நெட்வொர்க், டிஸ்க் காத்திருப்பை அது காட்டாது.

பிரிவியூ வராதது

மூன்றாவது புகார் கோளாறல்ல. 2025 அக்டோபர் பாதுகாப்பு அப்டேட்டிலிருந்து, இணையத்திலிருந்து இறக்கிய ஃபைல்களுக்குப் பிரிவியூ பேன் தானாக முடக்கப்படுகிறது. ஃபைல் ஆபத்தாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை மட்டும் வரும். பிரிவியூ காட்டும்போதே கணினியின் நுழைவு அடையாளங்கள் வெளியே கசிய வாய்ப்பிருந்ததால் இந்த ஏற்பாடு. வாட்ஸ்அப் வெப் வழியாக வரும் பிடிஎஃப் எல்லாமே இணைய முத்திரையோடுதான் இறங்குகிறது. கடைக்காரருக்கு எதுவுமே பிரிவியூ ஆகாதது போலத் தெரிந்தது அதனால். நம்பகமான ஃபைல் என்றால் பிராப்பர்டீஸில் கீழே 'அன்பிளாக்' டிக் செய்தால் போதும். சில நேரம் லாக் அவுட் செய்து வந்த பிறகே பலிக்கும். கவுண்டரில் நேரே டபுள் கிளிக் செய்து பிடிஎஃப் ரீடரில் திறப்பது இதைவிட வேகம். ஆல்ட் பி தட்டிப் பிரிவியூ பேனையே மூடிவிட்டோம்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மட்டும் மெதுவாகத் திறந்து, மேலே பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருந்தால், அந்த ஃபோல்டரின் பிராப்பர்டீஸில் 'கஸ்டமைஸ்' தாவலில் 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்று மாற்றுங்கள். படம், வீடியோ என்று இருந்தால் ஒவ்வொரு ஃபைலின் உள்விவரத்தையும் தோண்டிவிட்டுத்தான் வரிசைப்படுத்தும். பழைய ஃபைல்களை மாதவாரி ஃபோல்டர்களுக்குத் தள்ளினால் இன்னும் நல்லது.

டிஸ்க்கையும் கேளுங்கள்

டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டி, படிக்கும் வேகம் மட்டும் ஒரு எம்பிக்கும் கீழே கிடந்தால், 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' பாருங்கள். ஆரோக்கியமான ஹார்டு டிஸ்க்கில் பத்து இருபது மில்லி விநாடி. எப்போதும் நூற்றுக்கணக்கில் நின்றால் எக்ஸ்ப்ளோரரைக் குற்றம் சொல்லி லாபமில்லை. ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் 'டிஸ்க்' என்ற மூலத்திலிருந்து 7 அல்லது 153 எண் ஈவென்ட்கள் இருக்கின்றனவா? 7 என்றால் கெட்ட பிளாக். 153 என்றால் படிக்க முடியாமல் திரும்ப முயன்றது.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற கருவியில் 05 (மாற்றப்பட்ட கெட்ட பகுதிகள்), சி5 (படிக்கத் திணறும் பகுதிகள்) இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 ஏறிக்கொண்டே போனால் வேறு எந்த வேலையும் வேண்டாம், முதலில் பேக்கப். சி7 (கேபிள் வழியே வரும் பிழைகள்) மட்டும் ஏறினால் டிஸ்க் நல்லது, சாட்டா கேபிளோ அதன் இணைப்போ மோசம். காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கடலோரக் கடைகளில் உப்புக்காற்று இணைப்பு முனைகளைக் கறுக்கவைத்துவிடும். ரேம் முனைகளுக்கும் அதே கதி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, கேபிளை மாற்றிப் பாருங்கள். பழைய சி7 எண்ணிக்கை குறையாது. மேற்கொண்டு ஏறாமல் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. இந்த மெஷினில் மூன்று எண்ணும் சுத்தம். இருந்தாலும் எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்யச் சொல்லியிருக்கிறது. விண்டோஸ் 11-ஐ ஹார்டு டிஸ்க்கில் ஓட்டுவது வீண் பிடிவாதம்.

கடைசியில்தான் எஸ்எஃப்சி

எந்தக் கோளாறானாலும் முதலில் எஸ்எஃப்சி என்ற விண்டோஸ் பழுதுபார்ப்புக் கட்டளையை ஓட்டுவது ஒரு சடங்காகிவிட்டது. சிஸ்டம் ஃபைல்கள் கெட்டிருந்தால் மட்டுமே அதற்கு வேலை. நெட்வொர்க் டிரைவையோ வெளி நீட்டிப்பையோ அது தொடாது. அரைகுறை அப்டேட் என்று சந்தேகம் இருந்தால் ஓட்டுங்கள், ஆனால் வரிசை முக்கியம். முதலில் டிஸ்ம், பிறகு எஸ்எஃப்சி. எஸ்எஃப்சி எந்த இருப்பிலிருந்து நல்ல ஃபைலை எடுக்கிறதோ, அந்த இருப்பையே சரிசெய்வது டிஸ்ம். அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் 'டிஸ்ம் /ஆன்லைன் /க்ளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்', முடிந்ததும் 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்'. இரண்டிலும் சாய்கோட்டுக்கு முன் ஒரு இடைவெளி, பின் இடைவெளி இல்லை. டிஸ்ம் நடுவில் ஒரே சதவீதத்தில் நெடுநேரம் நிற்கும். அது இயல்பு, மூடிவிடாதீர்கள். தேவையான ஃபைல்களை இணையத்திலிருந்து எடுக்கும் என்பதால் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்ட வேண்டாம்.

புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நுழைந்து பார்ப்பது இதைவிடப் பயனுள்ள சோதனை. அங்கே எக்ஸ்ப்ளோரர் சரியாக ஓடினால் சிஸ்டம் நல்லது, பழைய கணக்கின் அமைப்புகளில்தான் கோளாறு.

எல்லாம் பார்த்தும் அகப்படாமல், ரிலையபிலிட்டி ஹிஸ்டரியில் அப்டேட் நாளும் கோளாறு நாளும் ஒன்றாகவே இருந்தால், அப்டேட்டைக் கழற்றலாம். செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். அந்த அப்டேட்டின் அடையாளமான கேபி எண்ணைக் குறித்துக்கொண்டு கழற்றுங்கள். உடனே 'பாஸ் அப்டேட்ஸ்' கொடுக்காவிட்டால் அதே அப்டேட் திரும்ப ஏறிக்கொள்ளும். அதிகபட்சம் 5 வாரம் நிறுத்தலாம். அதற்குள் அடுத்த மாத அப்டேட் வந்துவிடும். நெட் பேங்கிங் நடக்கும் மெஷினில் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். முழுப் பதிப்பு மாற்றம் என்றால் சிஸ்டம், ரிக்கவரி பக்கத்தில் 'கோ பேக்' உண்டு, 10 நாளைக்குள் மட்டும். இடம் பற்றவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

இந்தக் கடையில் அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. ஆனால் கிளம்பும் நேரத்தில் இன்னொன்று தலைகாட்டியது: காப்பியரில் ஸ்கேன் செய்தால் முன்கணினியின் ஸ்கேன் ஃபோல்டருக்கு எதுவும் வந்து சேரவில்லை. அதே எஸ்எம்பி பகிர்வுச் சிக்கல், இம்முறை எதிர்த்திசையில். காப்பியரின் மெனுவில் எஸ்எம்பி 2 தேர்வு இருந்தால் அதை இயக்கி, பாஸ்வேர்டு உள்ள கணக்கைக் கொடுத்தால் பெரும்பாலும் ஓடும். இந்தக் காப்பியர் எஸ்எம்பி 1 மட்டும் பேசுகிற காலத்தது. அதற்காக விண்டோஸில் எஸ்எம்பி 1-ஐத் திறந்துவிடவில்லை. காப்பியரில், ஃபைல் அனுப்பும் இன்னொரு முறையான எஃப்டிபி வழியே ஸ்கேன் அனுப்பும் வசதி இருந்தது. முன்கணினியில் ஒரு எஃப்டிபி சர்வர் ஏற்றி, ஸ்கேன் ஃபோல்டரை மட்டும் அதற்குக் காட்டி, ஃபயர்வாலில் பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் போர்ட் 21-ஐத் திறந்தோம். பாஸிவ் முறையில் வேறு போர்ட்களும் வேண்டும் என்பதால் காப்பியரில் ஆக்டிவ் முறையே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறது.